குழாய் எந்தத் தெருவுக்கு?

நகராட்சி மன்றத்தில் எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் நீள மேசையின் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்திருக்க, என் நாற்காலி மட்டும் மேசையின் கோடியில் நல்ல இடைவெளி விட்டுக் கிடந்தது. மரியாதைக்காக என்றார்கள். அந்த மரியாதையால் அங்கே பேசுவதில் பாதிதான் என் காதில் விழும். முதல் கூட்டங்களில் எதற்கெல்லாம் கை தூக்கினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பிறகு ஒருநாள் நானே நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த புகையிலை வியாபாரி என்னைப் பார்த்தார், மேசைமேல் விரித்திருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்கு வெங்காய மண்டியில் வேலை. நான் ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுத்தேன். தெருப் பெண்கள் சிலருக்குத் தைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். எங்களோடு என் கணவரின் அக்காளும் இருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணமான கொஞ்ச காலத்தில் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வீடு அவர் கையில் இருந்தது. தெருவும் முக்கால்வாசி அவர் கையில்தான் இருந்தது.

நான் கவுன்சிலரானதே அவரால்தான். எங்கள் வட்டத்தில் நிற்பதற்கு இரண்டு பேர் முட்டி மோதினார்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றதும், பொதுவாக ஒரு ஆளைப் போடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. மதினி அந்தப் பேச்சு நடந்த இடத்துக்கே போய், "எந்தம்பி பொஞ்சாதிய நிறுத்துங்க. பேசத் தெரிஞ்சவ" என்று சொல்லிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். நான் பதறிப்போனேன்.

"எனக்கு என்ன மதினி தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டா போறவன்லாம் போறான்? நீ சும்மா இரு. நான் பாத்துக்கிறேன்."

வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "இவளுக்குப் போடுங்க. தெருவுக்குக் குழாய் வரும்."

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே ஆத்தூர் பக்கத்து அணைத் தண்ணீர் குழாயில் ஊருக்கு வந்துவிட்டது. பெரிய தெருக்களில் குழாய் நின்றது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. தெருக்கோடியில் ஒரு பொதுக்கிணறு. நல்ல தண்ணீர்தான், ஆனால் சித்திரை பிறந்தால் கயிற்றை ஒட்டுப்போட்டு நீட்ட வேண்டும். வாளி அடியில் சேற்றை மோந்துகொண்டு வரும். அதனால் குழாய் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் கண் விரியும்.

நான் மன்றத்துக்குப் போய்க் கொஞ்ச நாளில் வாய்ப்பும் வந்தது. அந்த வருஷத்துக்குக் கையில் இருக்கிற குழாயை வைத்து ஒரு இடத்துக்குத்தான் நீட்ட முடியும் என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். கேட்டிருந்த இடங்களில் தேறியவை இரண்டு. ஒன்று எங்கள் தெரு. மற்றது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் இருந்த இடம் அது. அதன் கவுன்சிலர் அங்கேயே டீக்கடை வைத்திருந்தார். வாய்த்துடுக்கான மனிதர். நான் பதவி ஏற்ற அன்றே என் காதுபட, "தையல் மிஷின அப்பிடியே போட்டுட்டு வந்துட்டாங்க போல" என்று சொல்லிப் பக்கத்து ஆட்களைச் சிரிக்கவைத்தவர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

சேர்மன் பக்கத்து ஆட்கள் எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஒங்க தெருவுக்குத்தாம்மா. அந்த ஆளு கத்துவாரு, கத்தட்டும். நீங்க நாலு வார்த்த பேசுனாப் போதும்."

நாலு வார்த்தையைச் சரியாகப் பேச வேண்டுமே என்று, கூட்டத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில் அந்தக் குடியிருப்பைப் பார்த்துவரப் போனேன். அங்கே இரண்டு கிணறு இருப்பதாக என் காதில் விழுந்திருந்தது. நேரில் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சுக்குப் பலம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ரயில்வே கேட் வரைக்கும் ஜட்கா வண்டி, அப்புறம் நடை. தண்டவாளம் தாண்டும்போதே ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். எதிரே வந்தவர்கள் யாரும் பொத்தவில்லை என்று கண்டதும் கையை எடுத்துவிட்டேன்.

கிணறு இரண்டு இருந்தது உண்மை. எட்டிப் பார்த்தேன். எங்கள் கிணற்றைவிடத் தண்ணீர் மேலே கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதைச் சொன்னாலே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாங்கவில்லை. கிணற்றுக்கு அருகில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். "செத்த குடிக்கத் தண்ணி குடும்மா" என்றேன்.

அவள் எழுந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்லயா குடிப்பீங்க?"

"ஏன், குடுக்க மாட்டியா?"

அவள் உள்ளே போய் ஒரு தம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தேன். இனிப்பான தண்ணீர்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்றேன். வாதத்தில் ஜெயித்த மாதிரிதான் அதைச் சொன்னேன்.

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டாள். "அது ஒங்க தெருக் கெணத்துத் தண்ணிம்மா. காலையில நாந்தான் போய் எடுத்தாந்தேன்."

"அப்ப இந்தக் கெணறு?"

"இதுல ஷாப்புத் தண்ணி எறங்குது. துணி அலசலாம். அதுவும் வெள்ளத் துணின்னா மஞ்சளாப் போயிரும். வாயில வைக்க ஏலாது. புள்ளைகளுக்கு வயித்துக்கு ஒத்துக்கிறதில்ல."

என்னை யாரென்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா? ஜன்னல்ல மிஷின் ஓட்டுவீங்க. ஒங்க மதினியவும் நல்லாத் தெரியும். அவுகளுக்குத்தான் என்னத் தெரியாது." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "நிக்கச் சொல்லுவாக, நிப்போம். ஒங்க தெரு ஆளுக எல்லாம் எறச்சு முடிக்கணும். அப்பறம் யாராச்சும் மனசு வச்சு ஊத்துனா ஒரு கொடம். ஷாப்புக்கு நேரமாயிருச்சுன்னா வெறுங்கொடத்தோட வர வேண்டியதுதான்."

பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். கோபம் இல்லை, குறை சொல்லும் தொனிகூட இல்லை.

அவர்கள் எங்கள் கிணற்றடிக்கு வருவது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஜன்னலுக்கு வெளியே நடப்பதுதானே. கயிற்றை அவர்கள் தொடக்கூடாது, சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், குடத்தைக் கீழே வைத்தால் நாங்கள் மேலிருந்து ஊற்றுவோம். யாரும் எழுதிவைக்காத இந்தச் சட்டத்தை யாரும் மீறினதும் கிடையாது. அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகும் அதே மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்கள். கோயிலிலும் அவர்களுக்கு இடம் தள்ளித்தான். ஆனால் அந்த ஒரு குடம்தான் அவர்கள் குடிக்கும் தண்ணீர் முழுவதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து கிணற்றடியைப் பார்த்தேன். மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் இல்லாவிட்டால் எங்கள் தெருப் பெண்களே ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். முந்தினநாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தவள் தள்ளி நின்றாள். மதினி அவளை விரட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மத்தியானம் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். "மதினி, காலையில தள்ளி நின்னாளே ஒரு பொம்பள, அவ மாதிரி ஆளுகளையும் நடுநடுவுல விட்டா என்ன?"

"நாமளே இங்க அடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். குழாய் வரட்டும். வந்துட்டா இந்தக் கெணத்த அவுகளே எடுத்துக்கிறட்டும். யாரு வேணாம்னா?"

மனசாரத்தான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்களுக்குக் குழாய், அவர்களுக்குக் கிணறு. யாருக்கும் பாதகம் இல்லை. அந்த நினைப்போடுதான் கூட்டத்துக்குப் போனேன்.

அன்றைய கூட்டத்தில் முதலில் வந்தது பூங்கா ரேடியோ. பூங்காவில் ஒரு ரேடியோ வைத்து ஒலிபெருக்கி கட்டுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஒலிபெருக்கியின் வாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் தகராறு. கிழக்கே திருப்பினால் மேற்குத் தெருக்காரர்களுக்குக் கேட்காது. மேற்கே திருப்பினால் ஆஸ்பத்திரியில் இருக்கிற நோயாளிகளுக்குத் தொந்தரவு. ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். ஒருவர் இரண்டு ஒலிபெருக்கி கேட்டார். ஒருவர் வானத்தைப் பார்த்து வைக்கச் சொன்னார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று சேர்மனுக்கே பிடிபடவில்லை. காபி வந்து, குடித்து, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தண்ணீர் விஷயத்துக்கு வந்தார்கள்.

தோல் ஷாப் பக்கத்துக் கவுன்சிலர் எழுந்தார். அவர் காரியத்தை அவரே கெடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, போன வருஷம் எந்தத் தெருவுக்குத் தார் போட்டார்கள், எந்தச் சந்துக்கு விளக்குப் போட்டார்கள் என்று இழுத்தார். மேசையைத் தட்டினார். "பொம்பள கேட்டா ஒடனே குழாய், நாங்க கேட்டா கெடையாதா?" என்றார். அவருக்காகக் கை தூக்கியிருக்கக்கூடிய ஒன்றிரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சேர்மன் சாந்தமான மனிதர். யார் மனசும் நோகக்கூடாது என்று நினைப்பவர். இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். "எதுக்குங்க சண்டை? குழாயை மாதா கோயில் பின்தெருவுக்கே போடுவோம். பொதுக்குழாய்தானே அது? உங்க ஜனங்களும் வந்து பிடிச்சுக்கட்டும். தண்டவாளத்தைத் தாண்டினா இந்தா இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் ஆச்சு."

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மன்றமே லேசாகிவிட்டது. நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்து, மேசையில் இருந்த தன் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சேர்மனுக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமென்றால், "எங்க பொம்பளைகளக் குழாயத் தொட விட மாட்டாங்க" என்று சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால், வெள்ளை வேட்டியும் கவுன்சிலர் பதவியுமாக உட்கார்ந்துகொண்டு, அதைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தெருவிளக்கைப் பற்றிக் கத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

நான் எழுந்தேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து சேர்மன், "சொல்லுங்கம்மா" என்றார்.

"எங்க தெருக் குழாயில அவங்களப் பிடிக்க விட மாட்டாங்க" என்றேன்.

"யாரும்மா விட மாட்டாங்க?"

"எங்க தெருவுலதான். இப்பவே அவங்க எங்க கெணத்துக்குத்தான் வர்றாங்க. கயித்தத் தொட விடுறதில்ல. கடைசி வரைக்கும் நிக்க வைக்கிறோம். கெணத்துல நடக்கிறதுதான் குழாய்லயும் நடக்கும். அவங்க கெணத்துத் தண்ணியக் குடிக்க முடியாது. எங்க கெணத்துத் தண்ணியக் குடிக்கலாம். இந்த வருசக் குழாய் அந்தப் பக்கமே போகட்டும்."

அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர், "அம்மா, ஒங்க தெருவ நீங்களே இப்பிடிப் பேசலாமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சேர்மன் கமிஷனரைப் பார்த்தார். கமிஷனர் என்ஜினீயரைப் பார்த்தார். அந்தப் பக்கம் கொண்டுபோவதில் சிரமம் ஒன்றுமில்லை, தண்டவாளத்துக்கு அடியில் குழாய் பதிக்க ரயில்வேயில் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் என்ஜினீயர். கேட்ட தெருவின் கவுன்சிலரே வேண்டாம் என்ற பிறகு மற்றவர்களுக்கு எதிர்க்கக் காரணம் இல்லை. கைகள் மெதுவாக மேலே போயின. புகையிலை வியாபாரி கடைசியில் தூக்கினார். எதிரே இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீடு சேருவதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. மதினி அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"சபையில என்னப் பத்திச் சொன்னியாமே."

"ஒங்க பேரச் சொல்லல மதினி."

"பேரு வேற சொல்லணுமாக்கும்? இந்தத் தெருவுல கெணத்தடியில நிக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்." குரல் உடைந்துவிட்டது. "ஒனக்காக ஏறாத வாசல் இல்ல. குழாய் வரும்னு சத்தியம் பண்ணுனேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளுக முன்னால போய் நிப்பேன்?"

அவர் கேட்டது நியாயம். நான் மன்றத்தில் சொன்னதும் பொய் இல்லை. அன்றைக்கு இரண்டையும் ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று தெரியாமல், சேலையைக்கூட மாற்றாமல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

என் கணவர் மண்டியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "செஞ்சது தப்பில்ல. சொன்ன எடந்தான் தப்பு. மொதல்ல வீட்ல சொல்லியிருக்கணும்" என்றார். அதை நான் பல நாள் யோசித்தேன். வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மதினி அழுதிருப்பார். நான் கூட்டத்துக்குப் போய், சேர்மன் கையை விரித்ததும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அப்படித்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் என் கணவர் சொன்னதும் முழுக்கத் தவறில்லை.

தெரு என்னைத் திட்டவில்லை. தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. பாதி வெட்டிய ரவிக்கைத் துணியைக்கூட ஒருத்தி, "அவசரமில்ல, அப்பறம் தாரேன்" என்று எடுத்துக்கொண்டு போனாள். தையல் பழகிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மதினி சமைத்துப் போட்டார், குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் தம்பி வழியாக வந்தது. நான் எதிரே நிற்கும்போதே, "அவளச் சாப்பிடச் சொல்லுடா" என்பார்.

அந்தப் பக்கத்தில் குழாய் திறந்த அன்று ஒலிபெருக்கி எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, ஏகப்பட்ட பேச்சு. கவுன்சிலர் தானே போராடி வாங்கியதாகப் பேசினார். என்னைக் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வலித்தது. ஆனால் என் பெயரைச் சொல்லப் போனால் நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். அதை அவர் அன்றும் சொல்லத் தயாரில்லை.

கொஞ்ச நாள் கழித்து நானே போனேன். குழாயடியில் ஒரே கூச்சல். எனக்குத் தண்ணீர் கொடுத்தவள், இன்னொருத்தியின் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இன்னொருத்தி இவள் குலத்தையே இழுத்துத் திட்டினாள். பின்னால் வயசான ஒருத்தி எவரும் கவனிக்காமல் குடத்தோடு நின்றாள். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இதற்காகவா அத்தனை பாடு என்று ஒரு கணம் நினைத்தேன்.

என்னைக் கண்டதும் அவள் குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "வாங்கம்மா! இம்புட்டுக் கூட்டத்தப் பாத்தீங்களா? தெனமும் இதே சண்டதான்."

"இங்கயும் சண்டையா?" என்றேன்.

"ஆமா." முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா இங்க சண்ட போடலாம்லம்மா. அங்க அது முடியாதுல்ல."

நான் அந்த வயசான பெண்ணைக் காட்டினேன். அவள் திரும்பி, "ஏ ஆத்தா, முன்னால வா!" என்று கத்தினாள்.

அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர் காலத்தில் எங்கள் தெருவுக்கும் குழாய் வந்தது. கிணறு கவனிப்பாரில்லாமல் கிடந்து, கடைசியில் குப்பை கொட்டி மூடினார்கள். துணிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அக்கம்பக்கத்தில் வேறு நல்ல தையல்காரி இல்லை. மதினியும் என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்தார். எப்போது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. உப்பு எங்கே, பால்காரன் வந்தானா என்று ஆரம்பித்து அப்படியே பழகிவிட்டது. அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு மாசி மாதம். நத்தத்திலிருந்து வந்த புளியைக் குவித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மதினி தலை நிமிராமல் கேட்டார்.

"நான் அப்பிடியா நின்னேன்?"

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. "எல்லாருந்தான் மதினி அப்பிடி நின்னோம்."

"எல்லாரையும் கேக்கல. என்னக் கேட்டேன்."

"ஆமா மதினி."

அவர் புளியைத் தட்டினார், கொட்டையைப் பிதுக்கி எடுத்தார், நாரைத் தனியே போட்டார். பிறகு, "கெணத்தடியில தள்ளி நின்னாளே, அந்தப் பொம்பளைக்கு எத்தன புள்ளைக?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறேன், அவளுக்காகச் சபையில் பேசியிருக்கிறேன், அதற்கப்புறமும் வழியில் எத்தனையோ தடவை பார்த்துப் பேசியிருக்கிறேன். அதைக் கேட்டதே இல்லை.

"தெரியாது மதினி" என்றேன்.

"என்னத்த கவுன்சிலரா இருந்தியோ" என்றார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.